ஆறு பழமும் பதினெட்டு அடியும்

சிலருக்கு வேலை இல்லாவிட்டால் தூக்கம் வரும். சிலருக்குச் சங்கம் வைக்கத் தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் கையில் அரசாங்க முத்திரையும் ஒரு மாடிக் கட்டிடமும் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால், துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பழப்பெயர் வாரியத்தைப் போய்ப் பாருங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கள்.

வாரியத்தின் வேலை ஒன்றே ஒன்று. கப்பலில் போர்ச்சுகீசியப் பெயரோடு வந்து இறங்கும் பழங்களுக்கு இங்கிலீஷில் பெயர் வைப்பது. இங்கிலீஷ் பெயர் இல்லாத பழம் நகருக்குள் நுழையக் கூடாது என்று சட்டம். அப்படிப்பட்ட பழத்தை லாரியில் ஏற்றியவன், பெயரில்லாத சரக்கைக் கடத்தியவன். பெயர் முடிவாகிறவரை அவன் வாரியத்தின் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். முடிவாகாத ஒவ்வொரு பெயருக்கும் தினம் சாயங்காலம் மூன்று பிரம்படி. சட்டத்தில் இதற்கு 'நினைவூட்டல்' என்று பெயர். வாரியம் தன் வேலையை மறந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக ஓட்டுநருக்கு நினைவூட்டுகிறார்கள்.

சின்னவளின் அண்ணன் மாட்டியது இப்படித்தான். பதினாறு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்தில் ஏற்றிய பெட்டிகளில் ஆறு தினுசுப் பழங்கள் இருந்தன. ஆறும் போர்ச்சுகீசியப் பெயர்கள். பழைய பட்டியலில் இந்தப் பெயர்கள் எல்லாம் இருக்குமே என்று அவன் கேட்டிருக்கிறான். பழைய பட்டியலைப் போன மாதம்தான் ரத்து செய்தோம், அதில் ஒற்றுமை அதிகமாக இருந்தது என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே பதினெட்டு அடி விழுந்தது.

மறுநாள் காலையில் சின்னவள் வாரியத்து வாசலில் போய் நின்றாள். அவள் மாலுமிகள் விடுதியில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். பதினோரு வருஷமாக மாலுமிகளோடு சட்டைக்கும் பொத்தானுக்கும் சண்டை போட்டே போர்ச்சுகீசியம் கற்றவள். முதலில் வந்தது வசவு, அப்புறம் எண்கள், கடைசியாகத்தான் வணக்கம். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு இருந்தது அண்ணன் ஒருவன். அவனுக்கும் அவள் ஒருத்தி. அவனை முழுசாக வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கீழ்த்தளத்தில் அவளை எதிர்கொண்டவர் பிரம்புக்காரர். தங்கமான மனுஷர். நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உங்க அண்ணனா? நல்ல உடம்பு. ஆனா பதினெட்டுங்கறது எனக்கே அதிகம்மா. தோள்பட்டை கழண்டு போவுது. தைலம் கேட்டு மூணு மனு போட்டாச்சு, பதிலே இல்ல. கொஞ்சம் சீக்கிரம் மொழிபெயர்த்துக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். சாய முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அழாத, சின்னது. பழத்துக்குப் பேரு தெரியாம எவனாவது இருப்பானா? உனக்கு ஒரு மணி நேர வேலை."

"வலிக்குதாண்ணா?"

"உட்காரத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு."

தற்காலிக மொழிபெயர்ப்பாளர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஆறில் ஐந்து கொஞ்சம் இழுக்கும். ஒன்று மட்டும் படு சுலபம். ஃப்ரூட்டா பாவ். ஃப்ரூட்டா என்றால் பழம், பாவ் என்றால் ரொட்டி. இங்கிலீஷிலும் அது ரொட்டிப் பழம்தான், ப்ரெட் ஃப்ரூட். சலவையில் பிடிவாதக் கறையை முதலில் தேய்ப்பாள், வெறும் அலசலைக் கடைசிக்கு வைப்பாள். அதே புத்தியில் ரொட்டிப் பழத்தைக் கடைசியில் வைத்து, பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுத்தாள். கொடுத்தபின் வரிசையை மாற்ற விதியில் இடம் கிடையாது.

கூட்ட அறை மாடியில் இருந்தது. மேசை தரையோடு திருகப்பட்டிருந்தது. நாற்காலிகளைச் சங்கிலியால் மேசைக்காலில் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே முதலுதவி அறை, அது கூட்ட அறையைவிடப் பெரியது. உறுப்பினர்கள் ஆறு பேர், கட்சிக்கு மூவராக. ஒரு கட்சி நேர்ப்பொருள்காரர்கள். சொல்லை உடைத்து, உள்ளே இருக்கிற அர்த்தத்தை அப்படியே இங்கிலீஷில் வைக்க வேண்டும் என்பார்கள். மற்றது வழக்குக்காரர்கள். இங்கிலீஷ் பேசுகிறவன் எப்படிச் சொல்கிறானோ அதுதான் பெயர் என்பார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு தலைவர், கையில் மரச்சுத்தியல். மூலையில் ஒரு குறிப்பாளர். அவருடைய பதிவேட்டில் இரண்டே பத்திகள்: ஆதரவுப் பக்கத்துக் காயம், எதிர்ப்பக்கத்துக் காயம். எந்தப் பக்கம் காயம் குறைவோ, அந்தப் பக்கம் சொன்னது நிற்கும்.

"ஓட்டுப் போட்டா ஆளாளுக்குக் கையைத் தூக்கிட்டுப் போயிடறான்," என்று தலைவர் அவளுக்கு விளக்கினார். "தூக்கின கை எங்கயாவது இறங்கினாத்தானம்மா அவனுக்குக் கொள்கை இருக்குன்னு தெரியும்? நாங்க நாகரிகமான அமைப்பு. கண்ணுல குத்தறதைத் தடை பண்ணியிருக்கோம்."

முதல் பழம் அபகஷி. "பைனாப்பிள்" என்றாள் சின்னவள். வழக்குக்காரர்கள் தலையாட்டினார்கள். நேர்ப்பொருள் கட்சியின் மூத்தவர், அகராதி வேலையில் ஓய்வு பெற்றவர், சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்த மண்ணின் பழைய மக்கள் பேச்சில் கடுமையாக வாசமடிக்கிற பழம் என்று அர்த்தம் என ஒரு மாலுமி சொன்னதைச் சின்னவள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். 'நாறும் பழம்' என்று இங்கிலீஷில் வைத்தே ஆக வேண்டும் என்று மூத்தவர் எழுந்தார். எழுந்தவரை வழக்குக்காரர் ஒருவர் பழத்தாலேயே முகத்தில் அறைந்தார். அன்னாசியின் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறைந்தவரின் காதைக் கடித்தார். பத்து நிமிஷத்தில் குறிப்பாளர் எழுந்து வாசித்தார்: ஆதரவுப் பக்கம் காது ஒன்று. எதிர்ப்பக்கம் முகம் ஒன்று, விலா இரண்டு. பைனாப்பிள் நிறைவேறியது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் பதினைந்து. பிரம்புக்காரர் அவளைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டார்.

இரண்டாம் நாள் மரகுஜா. பேஷன் ஃப்ரூட் என்றாள். பேஷன் என்றால் என்ன என்று தலைவர் கேட்டார். முந்தின நாள் வாயைக் கொடுத்து மாட்டியது அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும் என்பது விதி.

"அந்தக் கொடியோட பூவுல சவுக்கு, ஆணி, முள்முடி எல்லாம் தெரியுதுன்னு அந்தக் காலத்துப் பாதிரியாருங்க நினைச்சாங்களாம். அதனால பாடுன்னு அர்த்தம் வர்ற சொல்லை வெச்சாங்க. அடிபட்டு அனுபவிக்கற வேதனை."

"வேதனைன்னா எப்படி? சபைக்கு விளங்கலையே," என்றார் தலைவர். பேசிக்கொண்டே யோசித்தவர், முகம் மலர்ந்தார். "நம்ம கட்டிடத்துலயே மாதிரி ஒண்ணு இருக்குல்ல?"

அண்ணனை மேலே கொண்டுவந்தார்கள். சட்டையைக் கழற்றி மேசைமேல் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆறு பேரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். தடித்து வெடித்திருந்த ஒரு தழும்பை மூத்தவர் பேனா மூடியால் தொட்டு, இது வேதனைதான், ஆனால் போன நூற்றாண்டு வேதனை மாதிரி இல்லை என்றார். வழக்குக் கட்சியின் பெண் உறுப்பினர் நன்றாக அழுத்திப் பார்த்தார். அண்ணன் கத்தினான். சத்தத்தைப் பதிவேட்டில் எழுதலாமா என்று குறிப்பாளர் கேட்டார். சின்னவள் பாய்ந்து அந்தம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"மொழிபெயர்ப்பாளர் தற்காலிகம்," என்றார் தலைவர் கண்டிப்பாக. "தற்காலிகப் பணியாளர் ஏற்படுத்தற காயம் கணக்குல வராது. வீணா கையை நீட்டாதீங்க."

அதற்குள் மூத்தவருக்கும் பெண் உறுப்பினருக்கும் எந்தத் தழும்பு உண்மையான உதாரணம் என்று கைகலப்பு. அண்ணனின் முதுகுக்கு மேலேயே அடித்துக்கொண்டார்கள். குறி தவறியதில் பாதி அவன்மேல் விழுந்தது. பேஷன் ஃப்ரூட் நிறைவேறியது.

மூன்றாம் நாள் கராம்போலா. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் தெரியும், அதனால் ஸ்டார் ஃப்ரூட் என்று சின்னவள் சுருக்கமாகச் சொன்னாள். நிரூபிக்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒரு பழமும் ஆளுக்கு ஒரு கத்தியும் கொடுத்தார்கள். இந்த வாரியத்தில் ஆறு பேர் கையில் கத்தி கொடுத்தால் வெட்டுப்படுவது பழம் மட்டுமாக இருக்குமா? துண்டான விரலைப் பழ மாதிரியோடு சேர்த்துக் கோப்பில் வைப்பதா, தனியாக வைப்பதா என்பதில் அரை நாள் போனது. விரலுக்குச் சொந்தக்காரர் தனியாக வைக்கச் சொன்னார்.

நான்காம் நாள் மாங்கா. இதற்கென்ன சண்டை வரப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். "மாங்காவை மேங்கோன்னு சொல்றது மொழிபெயர்ப்பு இல்ல, வாய்க்கோணல்," என்று ஆரம்பித்தார் மூத்தவர். அவருக்கு நிஜமாகவே வாய் கோணுகிற மாதிரி ஒன்று விழுந்தது. ஐந்தாம் நாள் ஃப்ரூட்டா டு கோந்தி. நேரே சொன்னால் பிரபுவின் பழம், வழக்கில் கஸ்டர்ட் ஆப்பிள். இதில் கஸ்டர்டும் இல்லை ஆப்பிளும் இல்லை என்றது ஒரு கட்சி. பிரபு மட்டும் இருக்கிறாரா என்றது மற்றது. சங்கிலியோடு நாற்காலி பெயர்ந்து வந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் முதலுதவி அறையிலிருந்து படுத்தபடியே கத்திக் கத்திக் கலந்துகொண்டார்கள். கஸ்டர்ட் ஆப்பிள் ஒரு தாடை வித்தியாசத்தில் நின்றது.

சின்னவள் கீழே ஓடினாள்.

"அஞ்சு முடிஞ்சுதுண்ணா. ஒண்ணுதான் பாக்கி. அதுவும் ஒண்ணுமில்லாதது. நாளைக்கு மத்தியானம் வீட்டுல சாப்பிடறோம்."

அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் வர அவனுக்கு நேரமாகிறது. வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூணு அடிதானே இன்னிக்கு? வாங்கிட்டு வரேன்."

ஆறாம் நாள் ரொட்டிப் பழம். "ப்ரெட் ஃப்ரூட்" என்றாள்.

"சொல்லுக்குள்ள என்ன இருக்கு?" என்றார் மூத்தவர்.

"ரொட்டி, பழம்."

"அப்ப நேர்ப்பொருள் ப்ரெட் ஃப்ரூட். எங்களுக்குச் சம்மதம்."

"வழக்கும் அதுதான். எங்களுக்கும் சம்மதம்," என்றார் பெண் உறுப்பினர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் கட்டுப்போட்ட கையை நீட்டினார், பெண் உறுப்பினர் குலுக்கினார். சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குறிப்பாளர் பேனாவோடு அப்படியே நின்றார்.

"ஆதரவுப் பக்கம் காயம் இல்லை. எதிர்ப்பக்கமே இல்லை. நான் எதை எழுதறது?"

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காயம் பதிவாகாத தீர்மானம் செல்லாது. யாரும் எதற்காகவும் அடிபடாத பெயரை மக்கள் எப்படி மதிப்பார்கள் என்று அவர் நியாயம் கேட்டார். காயம் ஏற்படுகிறவரை கூட்டம் நாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களேய்யா," என்றாள் சின்னவள். "ஒருத்தரை ஒருத்தர் லேசா ஒரு தட்டுத் தட்டிட்டா முடிஞ்சுது."

தலைவர் அதிர்ந்துபோனார். "போலிக் காயமா? நாங்க அரசாங்க நிறுவனம்மா. மனசார வெறுக்காம இங்க ஒரு அடி விழுந்தது கிடையாது."

ஏழாம் நாளும் கூடினார்கள். சண்டை வரவில்லை. சம்மதித்த விஷயத்தில் கோபம் எங்கிருந்து வரும்? சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று பேச ஆரம்பித்தார்கள். பேசியதில் மூத்தவரும் பெண் உறுப்பினரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று தெரிந்தது. எட்டாம் நாள் காது கடிபட்டவர் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். விரல் போனவர் பேரக்குழந்தையின் படத்தைக் காட்டினார். ஒன்பதாம் நாள் கட்டுகளை அவிழ்த்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்து, நீங்கள் இவ்வளவு லட்சணமானவரா என்று ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஒரு நிம்மதியான கூட்டத்தை வாழ்நாளில் நடத்தியதில்லை என்று தலைவர் நெகிழ்ந்தார். முதலுதவி அறை நர்ஸுக்கு விடுப்புக் கொடுத்தார்கள்.

கீழே தினமும் மூன்று விழுந்துகொண்டிருந்தது. புது இடம் இல்லாததால் பழைய இடத்திலேயே விழுந்தது. குடோனில் ஆறு தினுசுப் பழமும் அழுகி ஒரே தினுசாகிவிட்டது. அந்த நாற்றம் மாடிவரை வந்தது. தேநீருக்கு ஏலக்காய் போட்டுச் சமாளித்தார்கள்.

பத்தாம் நாள் காலையில் சின்னவள் கம்பி ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். அண்ணன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூலையில் கிடந்தவனின் முதுகில் ஈக்கள் இருந்தன, அவன் விரட்டவில்லை. மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

"நேத்திலேர்ந்து இப்படித்தாம்மா," என்றார் பிரம்புக்காரர். "சாப்பாடும் வேணாங்கறாரு. எனக்கு மனசே சரியில்ல. ஆனா பாருங்க, மூணுதானே, தோளுக்கு இப்ப எவ்வளவோ தேவல."

அவள் படியேறி மாடிக்குப் போனாள். கதவைத் தட்டவும் இல்லை. உள்ளே பெண் உறுப்பினர் ஏதோ சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர்தான் முதலில் திரும்பினார்.

"வாம்மா, வா. தேநீர் சாப்பிடு. இன்னிக்கும் காயம் வர்ற மாதிரித் தெரியலை. நாளைக்குப் பார்க்கலாம்."

சுத்தியல் மேசைமேல் இருந்தது. சின்னவள் அதை எடுத்து அவர் வாயில் அடித்தாள்.

பதினோரு வருஷம் நனைந்த போர்வைகளைப் பிழிந்த கை அது. தலைவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார், சங்கிலி இழுத்துப் பிடித்ததால் விழவில்லை. அதனால் அடுத்த அடிக்கும் வாட்டமாக இருந்தார். தோளெலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் கையைத் தூக்கித் தடுத்தார், கையில் விழுந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை. துணி தோய்ப்பதுபோல ஒரே சீராக அடித்தாள். தேநீர்க் கோப்பைகள் சிதறின. ஆறு பேரில் ஒருவர்கூட எழுந்து தடுக்கவில்லை.

மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினாள். குறிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தற்காலிகப் பணியாளர் ஏற்படுத்தின காயம் கணக்குல வராது."

"அப்ப நிரந்தரமாக்கு," என்றாள் சின்னவள். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது.

குறிப்பாளர் உறுப்பினர்களைப் பார்த்தார். ஆறு பேரும் ஒரே குரலில் ஆக்கிவிட்டார்கள்.

"எந்தப் பக்கத்துல எழுத?"

"எதிர்ப்பக்கம்."

தலைவர் எதிர்ப்பக்கம்தானா என்று குறிப்பாளர் தலைவரையே கேட்டார். மறுப்பதற்குப் பல் வேண்டும். எதிர்ப்பக்கம் வாய் ஒன்று, தோள் ஒன்று, கை ஒன்று. ஆதரவுப் பக்கம் காயம் இல்லை. ப்ரெட் ஃப்ரூட் நிறைவேறியது. மூத்தவர் எழுந்து நின்று கைதட்டினார். இத்தனை வருஷத்தில் ஒரு பெயருக்காக இவ்வளவு உண்மையாக யாரும் உழைத்துப் பார்த்ததில்லை என்றார். நர்ஸ் விடுப்பில் இருந்ததால் தலைவருக்கு ஒருவரும் கட்டுப்போடவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு அவர் ஏதோ சொன்னார். "உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்று குறிப்பாளர் அதை மொழிபெயர்த்தார்.

விடுதலைச் சீட்டோடு அவள் கீழே வந்தாள். பிரம்புக்காரர் அதை மேலும் கீழும் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார். பிரம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். சின்னவள் அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா. முடிஞ்சுது. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

குரல் கேட்டு மெதுவாகத் திரும்பினான். கண்ணோரத்தில் பீளை கட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட அவள் கையைத் தூக்கினாள்.

அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். அவள் தூக்கிய கை அப்படியே நின்றது. மணிக்கட்டுவரை ரத்தம் ஈரமாக இருந்தது.

"அவரு எல்லாருக்கும் அப்படித்தாம்மா பண்றாரு," என்றார் பிரம்புக்காரர் ஆறுதலாக. "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"நான்தாண்ணா," என்றாள். "உன் சின்னதுண்ணா."

அவன் கைகளை எடுக்கவில்லை. அவள் எழுந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் கதவைத் தாண்டி நடந்தாள். பத்தடி போனபிறகுதான் பின்னால் அவன் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.